இருட்டுவதற்குள் வாங்க வேண்டிய கார்

என் வீட்டுக்காரருக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், புத்தூரில் அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டருக்குத் தெரியும். நாலாவது ஆளுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர்தான் அறுபதாம் வருஷம் பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, "கார் வாங்கப் போறோம், கிளம்பு" என்றார்.

அவர் பெயர் வீரமலை. முசிறிப் பக்கத்து ஆள். பிழைப்புக்காக ஸ்ரீரங்கத்தில் குடியேறியிருந்தோம். திருச்சிக்கும் துறையூருக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தார். முட்டைக் கூடையோடு ஏறுகிற கிழவிகள் அவர் டிரைவர் என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். அந்த ஆளுக்கு, விளக்கு வைக்கிற நேரமானால் சொந்த வீட்டு வாசற்படி இடற ஆரம்பித்தது. மாலைக்கண் என்று நினைத்து ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுத்தேன். பொன்னாங்கண்ணிக் கீரையை ஆய்ந்து ஆய்ந்து என் விரல்கள் பச்சையாயின. கடைசியில்தான் டாக்டரிடம் போனோம்.

"இது கீரையில தீர்ற மாலைக்கண் இல்லேம்மா. கண்ணுக்குப் பின்னால இருக்கிற நரம்பு காய்ஞ்சுக்கிட்டு வருது. பகல்ல இன்னும் சில வருஷம் ஓடும். பொழுது சாஞ்சப்புறம் வண்டியைத் தொடக் கூடாது" என்றார் டாக்டர்.

அவர் தொட்டார். ஒரு சாயங்காலம் கொள்ளிடம் பாலத்தில் எதிரே வந்த கட்டை வண்டி அவர் கண்ணில் படவே இல்லை. மாடு மிரண்டு ஒதுங்கிய புண்ணியத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மறுநாளே முதலாளியிடம் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை பிடித்து வேலையை விட்டுவிட்டு வந்தார். கண் போன டிரைவர் என்பதைவிட வாய் நீண்ட டிரைவர் என்று பெயர் வாங்குவது மேல் என்பது அவர் நினைப்பு. வந்தவர் என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தார்.

"யாருகிட்டயும் இதைச் சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு பவுனு."

பண்ணினேன். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அன்றிலிருந்து அவர் உயிரை என் வாய்க்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிற மாதிரி இருந்தது. கோயிலில் சாமியிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை.

காருக்கு விதை போட்டதும் நான்தான். அப்போது நான் இரண்டு மாடு வைத்து உத்தர வீதியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மாமி, "ஆத்துல கல்யாணத்தை வெச்சுண்டு, ஜானவாசத்துக்கு ஒரு கார் அகப்படலேடி பவுனு. இருந்த ஒண்ணும் மெட்ராஸ் போயிடுத்து" என்று அங்கலாய்த்தாள். நாங்கள் மாப்பிள்ளை அழைப்பு என்பதை அவர்கள் ஜானவாசம் என்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்து, முன்னால் நாயனமும் இரண்டு பக்கமும் காஸ் விளக்குமாக வீதியில் அழைத்து வருவார்கள். இதை நான் வீட்டில் வந்து சும்மா சொன்னேன். சொன்ன வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம்.

"ஏன், நாம ஒரு கார் வாங்கினா?" என்றார் அவர்.

"சாயங்காலத்துல ஓட்டுற காரா? உங்களுக்கா?"

"நடக்குற வேகம் பவுனு. ரெண்டு பக்கமும் காஸ் லைட்டு. பட்டப்பகல் மாதிரி இருக்கும். நாயனக்காரன் முதுகைப் பாத்துக்கிட்டே போனா போதும். ராத்திரி வண்டியை மண்டபத்துலயே விட்டுட்டு வந்துருவேன். விடிஞ்சப்புறம் போய் எடுத்துக்குவேன்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். காஸ் விளக்கு அணைந்தால் என்ன, வண்டிக்குக் குறுக்கே குழந்தைகள் ஓடினால் என்ன என்று நான் கேட்டேன். சித்திரையும் வைகாசியும் கல்யாண மாதம் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பா கொடுத்த நிலம் போயிற்று. போகட்டும். வேலையை விட்ட நாளிலிருந்து மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்த மனிதர் எழுந்து சவரம் செய்துகொண்டார். தலைகீழாக நின்று தடுத்திருக்க வேண்டியவள், அந்த மழமழத்த முகத்தைப் பார்த்துவிட்டு நிலத்தை விற்கக் கைநாட்டு வைத்தேன்.

மன்னார்புரத்துக்குத் தெற்கே, ரோட்டோரம் ஒரு பெரிய கீற்றுக் கொட்டகையில் சேக் மைதீன் பாய் பழைய கார் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறும்போது விட்டுப்போனவை, ஜமீன் ஒழிந்ததும் பெட்ரோலுக்கு வக்கில்லாமல் விற்கப்பட்டவை என்று ஏழெட்டுக் கார்கள் அங்கே வாய் பிளந்து நின்றன. பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மைனர் மாதிரி வாசனை. உதடு மட்டும் வெடித்திருந்தது. ரமலான் மாசம் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மன்னிச்சுக்குங்க, நோன்பு வெச்சிருக்கேன். உங்களுக்கு டீ சொல்றேன், நீங்க குடிங்க" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் எதிரில் குடிக்க மனசில்லாமல் டீ வேண்டாம் என்றேன்.

எங்கள் கார் கடைசியில் நின்றது. முப்பத்தைந்தாம் வருஷத்து செவர்லே. மேலே இருக்கிற கித்தான் ஹூட்டைப் பின்பக்கம் மடக்கினால் கட்டில் மாதிரி விரிந்துவிடும். பச்சைப் பெயின்ட் அங்கங்கே பொரிந்திருந்தது. பின் சீட்டுத் தோல் கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்த்தது. ஆனாலும் அதில் ஒரு மாப்பிள்ளையை உட்கார வைத்தால் ராஜா மாதிரிதான் இருப்பான். நானே ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் வெயிலில் நின்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டார். பகலில் அவரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

"ஆளு தெரிஞ்ச ஆளுதான்" என்று பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

பேச்செல்லாம் முடிந்தபோது பாய் தன் வழக்கத்தைச் சொன்னார். "ஒரே ஒரு கண்டிஷன். சாவியைக் கையில குடுக்கிறதுக்கு முன்னால, என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு சுத்து ஓட்டிக் காட்டணும். ஒருத்தன் ஓட்டவே தெரியாம வாங்கிட்டுப் போயி இளநிக் கடையில விட்டான். அப்புறம் வண்டி சரியில்லேன்னு என் சட்டையைப் பிடிச்சான். அதுலேருந்து இப்படித்தான். வாங்க, போவலாம்."

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து காலைத் தூக்கிவிட்டார். அப்படியே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்குத்தான் திடீரென்று உறைத்தது.

"ஏங்க, மணி ஒண்ணரை ஆயிடுச்சே. வியாழக்கிழமை ராகுகாலம்!"

அவர் காலைக் கீழே வைத்துவிட்டார். எனக்காக அல்ல. அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான். "ஆமா பாய், மூணு மணி போவட்டும். மொதமொதல்ல வண்டியை எடுக்கிறது" என்றார்.

"உங்க இஷ்டம். வண்டி எங்கயும் போவாது" என்று பாய் சிரித்துவிட்டுக் கொட்டகைக்குள் பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

ராகுவுக்குப் பயந்து நாங்கள் செய்த மடத்தனம் இதுதான். பஞ்சாங்கத்தைப் பார்த்தோம், பாயின் நோன்பைப் பார்க்கவில்லை. விடியலுக்கு முன்பே எழுந்து சாப்பிட்டுவிட்டுப் பகலெல்லாம் எச்சிலைக்கூட விழுங்க யோசிக்கிற மனிதர், படுத்தால் எழுந்திருப்பாரா? மூன்று மணி அடித்தது. குறட்டை கேட்டது. நோன்பாளியைத் தட்டி எழுப்பவும் மனசு வரவில்லை. சாயங்காலத்து அஸர் தொழுகைக்கு அவராகத்தான் எழுந்தார். கை கால் கழுவி, தொழுதுவிட்டு வந்தார். வந்து பார்த்தால் காரின் பின் சக்கரம் ஒன்று காற்றில்லாமல் சப்பி நின்றது.

பஞ்சர் ஒட்டுகிறவனைத் தேடிப் பிடித்து, ட்யூபை உருவி, ஒட்டி, காற்றடித்து முடிக்கையில் பனைமரத்து நிழல் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. என் கண் அந்த நிழலைவிட்டு நகரவில்லை. அப்புறம் பாட்டரி செத்திருந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். சுற்றினார், சுற்றினார், அது தும்மியது, இருமியது, ஓடவில்லை. எனக்கு ஒரு பக்கம் அது ஓடவே கூடாது என்று வேண்டுதல். காவிரிப் பாலத்தை இருட்டில் எப்படித் தாண்டப் போகிறோம் என்று இன்னொரு பக்கம் நடுக்கம். இரண்டுமே சாமி காதில் விழவில்லை. ஒரு பெரிய உறுமலோடு கார் உயிர் பெற்றது.

சூரியன் கருவேல மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வந்து ஓட்டிக் காட்டட்டுமா பாய்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, கடை கிடையாது. சனிக்கிழமை கரூர்லேருந்து ஒரு பார்ட்டி வரேன்னிருக்கான். அவனுக்கும் கல்யாணத்துக்குத்தான் வேணுமாம். நீங்க நல்ல மனுஷன்னு உங்களுக்குக் குடுக்கிறேன். இப்பவே ஏறுங்க. என்னைப் பாலக்கரையில பள்ளிவாசல்கிட்ட எறக்கி விடுங்க. பாங்கு சொல்றதுக்குள்ள போவணும், நோன்பு தொறக்கணும். அங்கயே சாவியை வாங்கிக்கிட்டு நீங்க ஸ்ரீரங்கம் போயிடலாம்."

"நாளான்னைக்கு வரலாங்க" என்று நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கரூர்க்காரன் என்ற சொல் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஏறு பவுனு" என்றார்.

அவர் ஸ்டியரிங்கில், பாய் பக்கத்தில், நான் பின் சீட்டில். ஹூட் மடக்கியிருந்ததால் தலைக்கு மேல் வானம். அதில் வெளிச்சம் இருந்தது. தரையில்தான் இல்லை. ஹெட்லைட்டில் ஒன்று எரியவே இல்லை, இன்னொன்று எரிந்தும் பிரயோசனமில்லை. பல்பு நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் பாய். கார் ரோட்டில் ஏறியது. என் வீட்டுக்காரரின் பிடரி எனக்கு நேரே இருந்தது. அதில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்புவதைப் பார்த்தேன். கண் போகிற நேரத்தில் அவருக்குக் கழுத்து நீளும், தலை முன்னால் போகும். இப்போதும் போயிற்று.

சும்மா இருக்க முடியுமா? ஆரம்பித்தேன்.

"ஏங்க, எதிர்ல மாட்டு வண்டி வருது பாருங்க, எவ்வளவு வைக்கோலு! ஐயய்யோ, இடது பக்கம் சைக்கிள்காரன் எப்படி ஆட்டிக்கிட்டுப் போறான்! முன்னால குழி, குழி! வண்டி குலுங்கினா எனக்கு வயித்தைப் புரட்டும்!"

அவருக்குப் புரிந்தது. நான் குழி என்றால் வலது பக்கம் ஒடித்தார், சைக்கிள் என்றால் ஒதுங்கினார். பாய் சிரித்தார். "தங்கச்சிக்குக் கார்ல போய்ப் பழக்கமில்லையோ?"

"பயந்தாங்கொள்ளி பாய்" என்றார் என் வீட்டுக்காரர். அது பொய் இல்லை.

பயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இருப்பதைக் காட்டுவதோடு அது நிற்பதில்லை. ரோட்டில் விழுந்து கிடந்த மரநிழல் எனக்கு ஆளாகத் தெரிந்தது. "ஆளு!" என்று கத்தினேன். அவர் பிரேக்கை மிதித்ததில் பாய் முன் கண்ணாடியில் போய் நெற்றியை இடித்துக்கொண்டார். ஆளும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்து ஒரு காகிதம் பறந்ததற்கு நாய் என்று கத்தினேன். மறுபடியும் ஒரு குலுக்கல். பின்னால் வந்த ஜட்காக்காரன் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

பாய்க்குப் பொறுமை போய்விட்டது. பசி வேறு. "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. நான் இன்ஜின் சத்தத்தைக் கேக்கணும், இவரு ரோட்டைப் பாக்கணும். நீங்க செத்த நேரம் பேசாம வாங்க."

"சும்மா இரு பவுனு" என்றார் அவரும். பாய்க்கு எதிரில் தன்னை நான் நம்பவில்லை என்று ஆகிவிட்டதே என்கிற ரோஷம் அந்தக் குரலில் இருந்தது. பழைய துறையூர் பஸ் டிரைவர் பேசினார்.

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. முன் சீட்டின் பின்புறம் கையை வைத்து அவர் தோளை விரலால் அழுத்திக்கொண்டு வந்தேன். வலது பக்கம் ஏதாவது வந்தால் ஒரு அழுத்து, எதிரே வந்தால் இரண்டு. முதலில் அதைக் கேட்டு நடந்தார். ரயில்வே ஜங்ஷன் பக்கம் தெருவிளக்குகள் வந்ததும் தோளைச் சிலுப்பி என் கையைத் தட்டிவிட்டார். விளக்குக்கு அடியில் அவருக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் அவரைக் கெடுத்தது.

பாலக்கரைக்குள் திரும்பினோம். தெரு குறுகலாகி, விளக்குக் கம்பங்கள் தள்ளித் தள்ளிப் போயின. பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கொஞ்சம் வேகமா, கொஞ்சம் வேகமா, நேரம் வந்துடுச்சு" என்றார். அவர் வேகம் கொடுத்தார்.

நோன்பு திறக்கிற நேரத்தில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் காரிலிருந்தே குதித்திருப்பேன். பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் தூக்குவாளியும் செம்புமாக வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பாங்குக்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே! ஓரத்தில் ஓடுகிறவை, குறுக்கே ஓடுகிறவை, கஞ்சி சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்கிறவை. எல்லாம் இடுப்பு உயரம்கூட இல்லை. என் கண்ணுக்கே அவை நிழல் நிழலாகத்தான் இருந்தன. அவற்றுக்கு நடுவே எங்கள் கார் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் எப்படியோ விலகியது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது முன்னால் ஒரு வாளி மூடி உருண்டு வந்தது. அதன் பின்னால் ஒரு சின்னப் பெண். ஆறு வயது இருக்கலாம். வாளியை ஓரத்தில் வைத்துவிட்டு, நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து மூடியை எடுத்தது. எடுத்து அதில் ஒட்டிய மண்ணைப் பாவாடையில் துடைத்தது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை.

அவர் தோளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். "நிறுத்துங்க!"

"சும்மா இருன்னேன்ல?"

கார் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது நிழல் என்று நினைத்துவிட்டார். பாய் குனிந்து மடியில் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. குழந்தை அங்கேயே இருந்தது. வாயில் அந்தச் சத்தியம் கல் மாதிரி கிடந்தது. இப்போது சொன்னால் இவர் தலை. சொல்லாவிட்டால் அந்தத் தலை.

"பாய்! இவருக்கு இருட்டினா கண்ணு தெரியாது! முன்னால பிள்ளை! பிள்ளை!"

பாய் நிமிர்ந்தார். "யா அல்லாஹ்!" என்று ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். பழங்கள் சிதறின. கார் ஒரு பக்கமாகத் திரும்பிக் குலுங்கி நின்றது. என்ஜின் அணைந்துபோயிற்று. அந்த அமைதிக்குள் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது.

நான் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. பம்பருக்கும் குழந்தையின் மூக்குக்கும் நடுவில் என் ஒரு கை நுழையும். அவ்வளவுதான். அது இப்போதுதான் எழுந்து நின்றது. "மூடி நசுங்கிடுச்சா பாருங்க, எங்கம்மா அடிப்பாங்க" என்றது. அதை வாரி அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கஞ்சி வாளிகள் எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடின.

பாய் காரின் படியில் சரிந்து உட்கார்ந்தார். சிதறிய பழத்தில் ஒன்றை எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். நோன்பைத் திறந்துவிட்டுத்தான் வாயையும் திறந்தார்.

"என்னம்மா சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க."

ஒருமுறை சொன்னதற்கே என்ன ஆகப்போகிறதோ என்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். பதில் காருக்குள்ளிருந்து வந்தது.

"அவ சொன்னது நெசந்தான் பாய்."

"நெசமா? தெரிஞ்சேவா ஓட்டிக்கிட்டு வந்தீங்க? எங்க பிள்ளைங்க இத்தனை பேரு நடமாடுற தெருவுல? இதுல ஒண்ணு என் பேத்தியா இருந்திருந்தா?" பாய் கத்தினார். அப்புறம் சட்டென்று குரல் இறங்கிவிட்டது. "நான்தானே வேகமாப் போவச் சொன்னேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்தப் பிள்ளையை என்கிட்ட வரச் சொல்லுங்க" என்றார்.

அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவருகே நிறுத்தினேன். அவர் கையை நீட்டித் தலையைத் தொட்டார். காது, தோள், இரண்டு கை, மூடி பிடித்திருந்த விரல்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்தன.

"பேரு என்ன தாயி?"

"ஷரீபா."

"எங்க உக்காந்திருந்தே?"

"இங்கதான். நேரா, காருக்கு முன்னால."

"காரு வரது தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுச்சே! நீங்க என்னையே பாத்துக்கிட்டுத்தான வந்தீங்க? அதான் நிறுத்திடுவீங்கன்னு இருந்தேன்" என்றது அந்தக் குழந்தை.

அவர் கை அதன் தலைமேல் அப்படியே நின்றுவிட்டது. யாரோ கூட்டத்திலிருந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போயிற்று. அவர் சாவியை உருவினார். பாய் இருந்த திசையில் நீட்டினார். பாய் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"வண்டி நல்ல வண்டி பாய். கரூர்க்காரருக்கே குடுத்துடுங்க."

இறங்குவதற்கு என்னைத் தேடிக் கையை நீட்டினார். தெருவில், அத்தனை பேருக்கு நடுவில், அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"இருட்டாத் தெரிஞ்சிருந்தா நின்னிருப்பேன் பவுனு" என்றார். "எனக்கு ரோடு காலியாத்தான் இருந்துச்சு."